உமிழ்நீரில் வைரஸ் பரிசோதனை: முதன்முறை மாதிரி கொடுப்பவர்களுக்கு

ஆச்சி என்னிடம் நீட்டிய குழாய் செக்கச்செவேலென்று இருந்தது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தை, காலை ஒன்பது மணி. மூன்று நாளாக அவருக்குத் தடிமன், தொண்டைநோ, இலேசான காய்ச்சல். மூக்குக்குள் குச்சி விட மறுத்துவிட்டார். உமிழ்நீர் என்றதும் தானாகவே சம்மதித்தார். “வெற்றிலை போட்டீர்களா ஆச்சி?” என்று கேட்டேன். “விடியப்புறம் ஒரு வாய் போட்டதுதான் பிள்ளை, பிறகு வாய் கொப்பளித்துவிட்டேனே” என்றார். குழாயின் அடியில் பாக்குத் துணுக்குகள் படிந்து கிடந்தன. அந்த மாதிரியை நான் எடுத்துச் செல்லவில்லை. புதிய குழாய் ஒன்றைக் கொடுத்து, மறுநாள் விடிய வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில், உமிழ்நீர்ப் பரிசோதனையைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் நான் சொல்வது இதுதான்: மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் மாதிரிக்கு எடுப்பவரின் கை பொறுப்பு, உமிழ்நீருக்குக் கொடுப்பவரின் வாய் பொறுப்பு. இயந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், குழாயில் இல்லாத வைரஸை அதனால் காட்ட முடியாது. அந்தக் குழாயில் வைரஸ் பிசகாமல் வந்து சேர்வது கொடுப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்திலும், கொடுக்கும் ஐந்து நிமிடத்திலும் தீர்மானமாகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை விரிவாகவும், மற்றவற்றைத் தேவையான அளவுக்கும் எழுதுகிறேன்.

எச்சிலை ஏன் நம்பலாம்

ஒரு நாளில் நம் வாயில் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர். மீதியில் உப்புகள், புரதங்கள், வாயின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த செல்கள், தொண்டையிலிருந்தும் மூக்கின் பின்புறத்திலிருந்தும் வழிந்து வந்து கலந்தவை எல்லாம் இருக்கின்றன. சுவாச வைரஸ் உடலில் பெருகும்போது அதுவும் இந்தக் கலவையில் சேர்கிறது. கொவிட் வைரஸைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் உண்டு. அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களிலேயே இருப்பதால், வெளியிலிருந்து வந்து கலப்பது போக, வாய்க்குள்ளேயும் அது பெருகுகிறது.

2020 தொடக்கத்தில் ஹொங்கொங் ஆய்வாளர்கள் 12 கொவிட் நோயாளிகளின் உமிழ்நீரைப் பரிசோதித்தபோது 11 பேரின் உமிழ்நீரில் வைரஸ் தென்பட்டது. சிறிய எண்ணிக்கைதான், ஆனால் காலம் முக்கியமானது. உலகமெங்கும் மாதிரி எடுக்கும் குச்சிகளுக்குப் பெருந்தட்டுப்பாடு. அவற்றைத் தயாரித்த பெரிய நிறுவனங்களில் ஒன்று, தொற்று மிக மோசமாகப் பரவிய வட இத்தாலியிலேயே இருந்தது. குச்சியும் வேண்டாம், முகத்துக்கு நேரே நின்று எடுக்க ஆளும் வேண்டாம் என்ற நிலையில் உமிழ்நீர் ஒரு வழியைத் திறந்தது. வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கித் தேடும் பிசிஆர் பரிசோதனையை உமிழ்நீரில் செய்வதை ஜப்பான் 2020 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய எளிய உமிழ்நீர்ப் பரிசோதனைக்கு அவசரகால அனுமதி அளித்தது.

யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களை மறந்தவர் இருக்க முடியாது. 2020 மார்ச்சில் அரியாலையில் தொடங்கிய பதற்றமும், ஊரடங்கும், முடிவுக்காக வெளியூர் ஆய்வுகூடங்களைப் பார்த்துக் காத்திருந்ததும், ஏப்ரலில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே பிசிஆர் தொடங்கியபோது வந்த நிம்மதியும் எனக்கு இன்றும் நெஞ்சில் நிற்கின்றன. மாதிரி ஒன்று எங்கே போகிறது, எத்தனை மணித்தியாலம் பயணப்படுகிறது என்பதெல்லாம் நோயாளியின் வீட்டில் எவ்வளவு கனமான கேள்விகள் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

முதல் வேலை: தொலைபேசியை எடுங்கள்

குழாய் வாங்குவதற்கு முன் ஆய்வுகூடத்துக்கு அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். உமிழ்நீர் மாதிரியை ஏற்றுக்கொள்கிறீர்களா? எந்த வைரஸுக்குப் பரிசோதிப்பீர்கள்? குழாயை நீங்கள் தருவீர்களா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா? இவற்றைக் கேட்காமல் ஒரு போத்தலில் எச்சிலைத் துப்பி எடுத்துக்கொண்டு போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வெயிலில் வந்த களைப்போடு திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு ஆய்வுகூடமும் தன் இயந்திரத்துக்கும் இரசாயனங்களுக்கும் எந்த மாதிரி ஒத்துவரும் என்று முன்கூட்டியே சோதித்து உறுதிசெய்துகொண்டுதான் ஏற்கும். மூக்கு மாதிரிக்கென உறுதிசெய்த முறையில் உமிழ்நீரை ஊற்றிப் பார்த்தால், வரும் விடைக்குப் பொறுப்பேற்க ஒருவராலும் முடியாது.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. உமிழ்நீரின் நம்பகத்தன்மை மிக விரிவாக ஆராயப்பட்டது கொவிட் வைரஸுக்குத்தான். இன்புளுவென்சாவுக்கும், கைக்குழந்தைகளை வாட்டும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கும் மூக்கிலிருந்து எடுப்பதே முதல் மாதிரி. பெரியவர்களில் அதோடு உமிழ்நீரையும் சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடிப்பு கூடுகிறது என்றாலும், அது துணை மாதிரிதான். ஆகவே, வைத்தியர் இன்புளுவென்சாவைச் சந்தேகித்துக் குச்சியை நீட்டினால், “எச்சில் எடுங்கள்” என்று அடம்பிடிக்க வேண்டாம். பத்து விநாடி எரிச்சல், பிறகு முடிந்துவிடும்.

உமிழ்நீர் ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். சொன்னபடி வாயில் சேர்த்துத் துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகள், பெரும்பாலும் நான்கு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். நினைவு தடுமாறும் முதியவர்கள். விழுங்கச் சிரமப்படும் பக்கவாத நோயாளர்கள். வாய் வறண்டவர்களுக்கும் இது கடினம். நம் வீடுகளில் தடிமன் வந்தவுடன் போடும் குளோர்பெனிரமைன் குளிசை வாயை வறளச்செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் சில குளிசைகளும், சலத்தைக் கூட்டிப் போகவைக்கும் குளிசைகளும் அப்படித்தான். இவற்றை மாதிரிக்காக உங்கள் எண்ணத்துக்கு நிறுத்திவிடாதீர்கள். என்ன குளிசை போடுகிறீர்கள் என்று மட்டும் மாதிரி எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

அரை மணித்தியாலம், அல்லது ஓர் இரவு

பொது விதி இது: மாதிரிக்கு முன் குறைந்தது 30 நிமிடத்துக்குச் சாப்பாடு, குடிப்பு, புகை, மெல்லுதல், பல் துலக்குதல், வாய் கொப்பளித்தல் எதுவும் கூடாது. ஆய்வுகூடம் ஒரு மணித்தியாலம் என்று சொன்னால் ஒரு மணித்தியாலம்தான்.

என் ஆலோசனை, முடிந்தால் படுக்கையை விட்டு எழுந்தவுடனேயே கொடுங்கள், பல் துலக்கு முன், பிளேன்ரீ குடிக்கு முன். இரவு முழுவதும் வாயில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கிறது, விழுங்குவதும் குறைவு. தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் சேர்ந்ததெல்லாம் அங்கேயே நிற்கிறது. அதனால் விடியற்கால மாதிரியில் வைரஸ் செறிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எழுந்ததும் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளிக்கும் பழக்கம் நம்மில் ஊறியது. குழாயை முதல் நாள் இரவே தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டால் கை அதைத்தான் முதலில் தொடும்.

நம் ஊருக்கென்றே சில தடங்கல்கள் உண்டு, அவற்றைத் தனியே சொல்ல வேண்டும்.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. வாய் கொப்பளித்தாலும் அரை மணித்தியாலத்தில் இவை போய்விடுவதில்லை. துணுக்குகள் பல்லிடுக்கில் தங்கும், சாயம் நாக்கில் ஊறும். தாவரத் துவர்ப்புச் சத்துகள் பிசிஆர் வினையைத் தடுக்கக்கூடியவை. வெற்றிலை போடுபவர் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடாமல் இருந்து, நன்றாக வாய் கழுவிப் படுத்து, விடிந்தவுடன் கொடுப்பதே சரி. சுருட்டுப் பிடிப்பவர்களுக்கும் இதே வழி.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர். தடிமன் வந்த வீட்டில் அடுப்பில் இது இல்லாமல் இராது, தொண்டைக்கு இதமான பானம். மாதிரி கொடுத்த பிறகு தாராளமாகக் குடியுங்கள். உப்புத்தண்ணீரில் கொப்பளிப்பதும் அப்படியே. கொப்பளித்தவுடன் எடுத்தால், உமிழ்நீரின் பெரும்பகுதி வெறும் உப்புத்தண்ணீராக இருக்கும். கிருமிநாசினி கலந்த வாய்கழுவிகளை முதல் நாள் இரவிலிருந்தே தவிருங்கள்.

தேசிக்காய்த் தண்ணீர். இதன் புளிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், வீட்டில் செய்யும் பரிசோதனையில் இது ஏமாற்றும்.

தண்ணீர் குடிப்பதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அரை மணித்தியாலத்துக்கு முன்னர் ஒரு குவளை தண்ணீர் குடித்திருப்பது நல்லது, வாய் வறளாது. அந்த அரை மணித்தியாலத்துக்குள் வேண்டாம்.

குழாயை நிரப்புவது

இனிமேல்தான் உண்மையான வேலை. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் எல்லோரும் இருக்கும் அறையில் வேண்டாம். காற்றோட்டமான முற்றம், பின்பக்க மாமரத்தடி போன்ற இடம் நல்லது. கிணற்றடி மட்டும் வேண்டாம். சிந்தினாலும், கை கழுவிய தண்ணீர் வழிந்தாலும், நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றைத் தேடிப் போகும்.

சவர்க்காரம் போட்டு இருபது விநாடி கை கழுவித் துடைத்துவிட்டுக் குழாயின் மூடியைத் திறங்கள். மூடியை மல்லாக்கப் பிடியுங்கள், உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். குழாயில் ஏற்கனவே ஏதாவது திரவம் இருந்தால் அதைக் கொட்டிவிடாதீர்கள், அது வைரஸைப் பாதுகாக்கும் கரைசல். வாயில் ஊற்றும் மருந்தும் அல்ல. இதை நினைவூட்டுவது அவசியம், ஏனென்றால் குடித்துவிடப் போனவர்களைத் தடுத்திருக்கிறேன்.

கதிரையில் நிமிர்ந்து இருந்து தலையைச் சற்று முன்னே சாயுங்கள். வாயை மூடி, நாக்கின் நுனியைக் கீழ்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ விழுங்காமல் இருங்கள். உமிழ்நீர் நாக்கின் கீழே குளமாகத் தேங்கும். பிறகு குழாயின் வாயை கீழுதட்டோடு சேர்த்துப் பிடித்து, தானாக வழிந்து இறங்க விடுங்கள். துப்புவதைவிட வழிய விடுவதே நல்லது. துப்பினால் நுரைதான் வரும், குழாய் நிறைந்தது போல் தோன்றும். அரை மணித்தியாலம் வைத்தால் நுரை அடங்கி அடியில் நான்கு துளிதான் இருக்கும். குழாயில் கோடு இருந்தால் அந்தக் கோடு வரை திரவம் நிற்க வேண்டும், நுரை கணக்கில் இல்லை. பெரும்பாலும் கேட்கப்படுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிலீற்றர், ஒரு சின்னத் தேக்கரண்டிக்கும் குறைவு. கோட்டைத் தாண்டி நிரப்புவதும் பிழை. கரைசல் உள்ள குழாயில் அளவு கூடினால் விகிதம் கெட்டுவிடும்.

உமிழ்நீர் வராவிட்டால் என்ன செய்வது? உமிழ்நீரின் மிகப் பெரிய சுரப்பிகள் காதுக்கு முன்னால், தாடை மடியும் இடத்தில் இரு பக்கமும் இருக்கின்றன. அவற்றின் வாய்க்கால் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. காதோரத்திலிருந்து கடைவாய் நோக்கி விரல்களால் மெதுவாக வட்டமாகத் தடவிக்கொடுத்தால் அங்கே சுரப்பு ஊறுவதை நாக்கால் உணரலாம். இன்னொன்று, நினைவின் வலிமை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட பிஞ்சு மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பழப்புளி கரைத்து, நண்டும் இறாலும் பயற்றங்காயும் சேர்த்துக் கொதிக்கும் ஒடியல் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாவில் வார்த்துக் கையில் கொடுக்கும் அந்த நொடியை நினைத்தாலே வாய் ஊறாத யாழ்ப்பாணத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நினைப்பதோடு நின்றுகொள்ள வேண்டும், வாயில் வைத்துவிடக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு முறை மானிப்பாயில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. அவளுடைய அம்மம்மா எதிரே இருந்து, கையில் ஒன்றுமே இல்லாமல், நெல்லிக்காயைக் கடிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக் காட்டினார். பிள்ளை முதலில் சிரித்தாள், பிறகு அவளுக்கே வாய் ஊறிவிட்டது. ஒரு நிமிடத்தில் கோடு வரை வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அம்மம்மாவின் முகம்தான்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சில ஆய்வுகூடங்கள் “தொண்டை உமிழ்நீர்” கேட்கும். அதாவது தொண்டையைக் காறி, பின்புறத்திலிருந்து வருவதைச் சேர்த்துக் கொடுப்பது. ஹொங்கொங்கில் பரவலாகப் பயன்பட்ட முறை அது. மற்றவை வாயில் ஊறும் உமிழ்நீரை மட்டும் கேட்கும். அவற்றுக்குச் சளி கலந்தால் குழாய் பசைபோலாகி, அளவாக உறிஞ்சி எடுக்க முடியாமல் போகும். உங்களிடம் கேட்டது எது என்பதைத் தெரிந்துகொண்டு அதையே கொடுங்கள். காறி எடுப்பதென்றால் கட்டாயம் வெளியில், அருகில் ஒருவரும் இல்லாதபோது.

மூடியை இறுக்கி மூடுங்கள். பிறகு குழாயைத் தலைகீழாக ஒரு நொடி பிடித்துப் பாருங்கள். கசிந்தால் திறந்து மீண்டும் மூடுங்கள். பாதுகாப்புக் கரைசல் உள்ள குழாயானால் சில தடவை மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள். குழாயின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினி தொட்ட துணியால் துடைத்து, மீண்டும் கை கழுவுங்கள்.

பெயரும் பயணமும்

ஆய்வுகூடத்தில் மனம் நோகும் தவறுகளில் பாதி பெயரில்தான் நடக்கிறது. நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும். ஒரு படிவத்தில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் எழுதினால் இரண்டு பேராகிவிடுகிறார்கள். ஒரே ஒழுங்கையில் சிவகுமார்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆகவே தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். அட்டை இலக்கம், பிறந்த திகதி, மாதிரி எடுத்த நாள், எடுத்த நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எழுதுவது குழாயின் உடலில், மூடியில் அல்ல. மூடி கழன்றால் பெயரும் கழன்றுவிடும். நீர் பட்டாலும் அழியாத பேனை வேண்டும். வீட்டில் மூன்று பேர் கொடுப்பதென்றால், மூன்று குழாயிலும் முதலில் பெயர் எழுதிவிட்டு, ஒருவர் முடித்த பிறகே மற்றவருக்குத் திறந்து கொடுங்கள்.

பொதி மூன்று அடுக்காக இருக்க வேண்டும். குழாய், அதைச் சுற்றி ஈரம் உறிஞ்சும் பஞ்சோ டிஷ்யூவோ. அதை மூடி ஒட்டும் பிளாஸ்டிக் பை. பையைச் சுமக்கக் கடினமான ஒரு பெட்டி. படிவம் பெட்டிக்குள் ஆனால் பைக்கு வெளியே இருக்கட்டும், கசிந்தாலும் வாசிக்க முடியும்.

வெப்பத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை, அசட்டையும் கூடாது. கொவிட் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ, கரைசல் எதுவும் சேர்க்காத உமிழ்நீரில் 30 பாகை வெப்பத்திலும் சில நாள் தாக்குப்பிடிக்கிறது என்று யேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் ஆசனத்துக்குக் கீழே உள்ள பெட்டி, நடுப்பகல் வெயிலில் நிறுத்திய கார் ஆகியவற்றின் வெப்பம் 30 பாகையோடு நிற்பதில்லை. மற்ற வைரஸ்களுக்கு இந்தத் தாங்கும் சக்தியை எதிர்பார்க்கவும் கூடாது. ஆகவே அன்றைய நாளிலேயே, ஐஸ்கட்டிப் பை வைத்த ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோவதே முறை. நெடுந்தீவிலிருந்து வருபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். குறிகட்டுவான் வரை ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு, பிறகு யாழ். நகர் வரை பஸ். படகு நேரத்தைப் பார்த்து மாதிரியை எடுங்கள். எடுத்து வைத்துவிட்டுப் படகைத் தேடாதீர்கள். குழாயை ஐஸ்கட்டியோடு நேரே ஒட்டி வைக்காமல் இடையில் துணி ஒன்றை மடித்து வையுங்கள். காய்ச்சற்காரரே மாதிரியைச் சுமந்து பஸ்ஸில் வர வேண்டாம், வீட்டில் நலமாக இருப்பவரை அனுப்புங்கள்.

வீட்டிலேயே செய்யும் பெட்டி

மருந்துக்கடையில் வாங்கும் அன்டிஜன் பெட்டிகளில் மூக்குக்கு உரியவையும் உண்டு, உமிழ்நீருக்கு உரியவையும் உண்டு. மூக்குக்கென்று எழுதியதில் எச்சிலைப் போடாதீர்கள். இரண்டின் கரைசலும் ஒன்றல்ல. பிசிஆர், வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கித் தேடுகிறது. பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகும். அன்டிஜன் பெட்டி எதையும் பெருக்குவதில்லை, இருக்கும் வைரஸ் புரதத்தை அப்படியே பிடிக்கப் பார்க்கிறது. அதனால் வைரஸ் நிறைய இருக்கும் நாட்களில் மட்டுமே நன்றாகக் காட்டும். உமிழ்நீரில் செய்யும் அன்டிஜன் பெட்டிகள் மூக்கில் செய்பவற்றைவிடப் பொதுவாகப் பின்தங்கியவை. இரண்டும் கடையில் இருந்தால் நான் மூக்குப் பெட்டியைத்தான் வாங்குவேன், உமிழ்நீருக்கு இவ்வளவு பரிந்து எழுதிய பிறகும்.

காலாவதித் திகதியைப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகள் 2 முதல் 30 பாகைக்குள் வைத்திருக்க வேண்டியவை. தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலுமாரி மேல்தட்டு அதற்கு ஏற்ற இடமல்ல. உறையைச் செய்யும் நேரத்தில்தான் கிழிக்க வேண்டும். மாரிகாலத்து ஈரக்காற்று, உள்ளே கோடு காட்டும் பட்டையைக் கெடுத்துவிடும்.

இப்போது தேசிக்காய். பட்டையில் வைரஸைப் பிடிக்கக் காத்திருப்பவை புரதங்கள். கடும் புளிப்புப் பட்டால் அவை உருக்குலைந்து, வைரஸ் இல்லாமலே கோடு காட்டிவிடும். 2020 டிசம்பரில் ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கோலா பானத்தை ஊற்றி இப்படியொரு கோட்டை வரவழைத்தார். பரிசோதனையே பொய் என்று காட்ட நினைத்தார். உண்மையில் காட்டியது, சொன்ன கரைசலை விட்டு வேறெதையும் ஊற்றக் கூடாது என்பதைத்தான். தேசிக்காய்த் தண்ணீரோ, தோடம்பழச்சாறோ, சோடாவோ குடித்த வாயோடு இதைச் செய்யாதீர்கள்.

விடையை வாசிப்பது நேரக் கணக்கு. பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம். பட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால், மற்றக் கோடு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பரிசோதனை செல்லாது. மங்கலான கோடும் கோடுதான். இரவு வைத்துவிட்டு விடிய எடுத்துப் பார்த்துத் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

விடை வந்த பிறகு

பிசிஆர் அறிக்கையில் மூன்று விடைகளில் ஒன்று இருக்கும். “கண்டறியப்பட்டது” என்றால் வைரஸ் இருக்கிறது. “செல்லாது” என்றால் பலர் பயந்துவிடுகிறார்கள், தேவையில்லை. ஒவ்வொரு குழாயிலும் வைரஸைத் தேடுவதோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுகிறோம். அதுகூடத் தென்படாவிட்டால் மாதிரி போதவில்லை அல்லது ஏதோ ஒன்று வினையைத் தடுத்துவிட்டது என்று பொருள். ஆச்சியின் சிவப்புக் குழாயை ஏற்றியிருந்தால் இப்படி வந்திருக்கக்கூடும். புதிய மாதிரி கொடுத்தால் சரி.

“கண்டறியப்படவில்லை” என்பதில்தான் எனக்குக் கவலை. அதை “நோய் இல்லை” என்று வாசித்துவிட்டு நேரே கோயில் வீதிக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிறார்கள். அந்தக் குழாயில், அந்த நேரத்தில் தென்படவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. நோய்க்குறி தொடங்கிய முதல் நாளிலேயே வீட்டுப் பெட்டியில் செய்தவர்கள் 48 மணித்தியாலம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். நோய்க்குறியே இல்லாமல், தொற்றுள்ளவரோடு பழகியதற்காகச் செய்பவர்கள் அதே இடைவெளியில் மூன்று முறை செய்வது நல்லது. மறுபக்கம், குணமான பிறகும் பிசிஆர் சில வாரங்களுக்கு வைரஸின் எச்சங்களைக் காட்டிக்கொண்டிருக்கும். “சுகம்தானா என்று பார்க்க” மறுபடி பிசிஆர் செய்து காசையும் மன அமைதியையும் இழக்க வேண்டாம்.

எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. மூச்சு வாங்கிப் பேச முடியாமை, உதடு நீலமாதல், நெஞ்சு இறுக்கம், குழம்பிய பேச்சு, விரலில் பொருத்தும் கருவியில் ஒட்சிசன் 94க்குக் கீழே இறங்குதல், பிள்ளைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளிழுத்தல் ஆகியவை அவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

மழைக்காலத்தில் இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்தில் வரும் காய்ச்சல் எல்லாம் தடிமன் காய்ச்சல் அல்ல. டெங்கு பெருகும் காலம் அதுதான். வயலில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும், 2024 டிசம்பரில் அது யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. இவ்விரண்டையும் உமிழ்நீர்ப் பரிசோதனை காட்டாது. எச்சிலில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தாலும், காய்ச்சலின் மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சலுக்கு அளவோடு பரசிற்றமோல் போதும். அஸ்பிரினும் இபுபுரூபனும் வேண்டாம், டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைத் தூண்டும்.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு நான் போனபோது ஆச்சி விறாந்தையில் காத்திருந்தார். வெற்றிலைத் தட்டத்தை இரவே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார், கண்ணில் பட்டால் கை போய்விடும் என்று. குழாயில் கோடு வரை தெளிந்த உமிழ்நீர், நுரை இல்லை. மாலையில் வந்த அறிக்கை கொவிட் என்றது. ஆச்சியின் பாயும் சொம்பும் முன்னறைக்குப் போயின, அதன் இரண்டு யன்னல்களும் நாள் முழுக்கத் திறந்திருந்தன. வைத்தியர் தினமும் ஒட்சிசன் அளவைக் கேட்டு அறிந்துகொண்டார். பேரன் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் முற்றத்தில், யன்னலுக்கு ஆறடி தள்ளி, வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அன்றைய பத்திரிகையை அவருக்கு உரக்க வாசித்தான்.